இரண்டு ஹெட்போன், ஒரு மிக்ஸர்

டிஜேயாக ஓரளவு கை தேர்ந்த எவரும் சீக்கிரமே ஒரு முடிவுக்கு வரவேண்டியிருக்கிறது: தனியாகவே தொடர்வதா, இன்னொருவரைக் கூட்டுச் சேர்ப்பதா? பெரும்பாலானோர் இதைப் பொருந்தாத காரணங்களைக் கொண்டு முடிவு செய்கிறார்கள். மேடையில் தனியாக நிற்கத் தயக்கமாக இருக்கிறது, சேர்கிறார்கள். கல்லூரிக் காலத்து நண்பனை விட மனமில்லை, சேர்கிறார்கள். கிடைக்கும் பணத்தைப் பங்கு போட விருப்பமில்லை, பிரிந்து போகிறார்கள். மூன்றுமே மனித இயல்புதான். ஆனால், எதிரில் ஆடிக்கொண்டிருப்பவர்களுக்கு இதனால் என்ன கிடைக்கும் என்ற கேள்வி இந்த மூன்றிலும் இல்லை. ஒரு டிஜே எடுக்கும் எந்த முடிவும் அந்தக் கேள்வியில்தான் தொடங்க வேண்டும்.

என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜோடியாக இசைப்பது, தனியாக இசைப்பதைவிடக் கடினமான கலை. அதற்குத் திறமைசாலிகள் இருவர் இருந்தால் மட்டும் போதாது. இருவரும் சேர்ந்து கழித்த நீண்ட நேரம் வேண்டும். அந்த நேரத்தைக் கொடுக்க முடிந்தவர்கள் தாராளமாகச் சேரலாம். முடியாதவர்கள் தனியாக நிற்பதே ஆட வந்தவர்களுக்குச் செய்யும் மரியாதை. இரண்டு டிஜேக்கள் ஒரே செட்டை மாறி மாறிப் பகிர்ந்துகொள்வதற்கு ‘பேக்-டு-பேக்’ என்று பெயர். இசைவிழாச் சுவரொட்டிகளில் இன்று இரண்டு பெரிய பெயர்களை இப்படிக் கோத்து அச்சிடுவது வழக்கமாகிவிட்டது. அந்த வழக்கம் ஜோடியின் கவர்ச்சியை விற்கிறது. ஜோடியை உருவாக்கும் நேரத்தை ஒதுக்குவதில்லை. என் குறை அதுதான்.

தனி டிஜே எப்போது வந்தார்?

தனியாக இசைப்பதுதான் பழைய, இயல்பான முறை, ஜோடி பின்னால் வந்த அலங்காரம் என்று பலர் நினைக்கிறார்கள். வரலாறு வேறு மாதிரி இருக்கிறது. 1950களில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் டியூக் ரீட், காக்ஸன் டாட் போன்றவர்கள் நடத்திய ‘சவுண்ட் சிஸ்டம்’ என்ற நடமாடும் இசை அமைப்புகளில் வேலை பலருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டிருந்தது. இசைத்தட்டைத் தேர்ந்தெடுத்துப் போடுபவர் ஒருவர், மைக் பிடித்துக் கூட்டத்தோடு பேசுபவர் இன்னொருவர், ஆம்ப்ளிஃபையரைக் கவனிப்பவர் மற்றொருவர். பின்னாளில் கிங் டபியின் சவுண்ட் சிஸ்டத்தில் யூ-ராய் மைக்கில் செய்த வேலை ஒரு தனிக் கலையாகவே வளர்ந்தது.

அந்த ஜமைக்காவில் பிறந்தவர்தான் கூல் ஹெர்க். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், 1520 செட்ஜ்விக் அவென்யூவில், 1973 ஆகஸ்ட் 11 அன்று நடந்த விருந்தில் அவர் இசைத்தார். ஹிப்-ஹாப்பின் பிறந்தநாளாக இன்று கொண்டாடப்படுவது அந்த நாள். விருந்தை ஏற்பாடு செய்தவர் தங்கை சிண்டி. மைக்கில் நின்றவர் கோக் லா ராக். ஆக, ஹிப்-ஹாப்பின் தொடக்கத்திலும் ஒரு குழு இருந்தது.

ஒரே மனிதர் ஓர் இரவு முழுவதையும் தன் கையில் வைத்திருக்கும் வடிவத்தை முழுமையாக்கியவர்கள் மன்ஹாட்டன்காரர்கள். டேவிட் மன்குசோ 1970 பிப்ரவரியில் தன் வீட்டிலேயே ‘லாஃப்ட்’ விருந்துகளைத் தொடங்கினார். லாரி லெவன் 1977 முதல் 1987 வரை கிங் தெருவின் பாரடைஸ் கராஜில் கோலோச்சினார். இந்த இருவரின் நிழலில்தான் தனி டிஜே என்ற பிம்பம் உலகம் முழுக்கப் பரவியது. ஆக, கூட்டு பின்னால் வந்த அலங்காரம் அல்ல. ஆனாலும் எது மூத்தது என்று பார்த்துப் பயனில்லை. எது எதைச் செய்யும் என்றுதான் பார்க்க வேண்டும்.

ஆறு நிமிடத்துக்குள் நடப்பது

‘ஹவுஸ்’ வகை நடனப் பாட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 125 தாளம். நான்கு தாளம் கொண்ட ஓர் ஆவர்த்தனம் இரண்டு வினாடிக்குச் சற்றுக் குறைவு. 32 ஆவர்த்தனம் கொண்ட ஒரு பகுதி ஏறக்குறைய ஒரு நிமிடம். பாட்டு ஆறு நிமிடம் என்றால் அப்படி ஆறு பகுதிகள். முதல் பகுதியில் முந்தைய பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. டிஜேயின் விரல்கள் பேஸ் குமிழ்களில் இருக்கின்றன, ஒன்றின் பேஸைக் குறைத்து மற்றதன் பேஸைத் திறக்கின்றன. கடைசிப் பகுதியில் அடுத்த பாட்டுக்காக அதே வேலை. நடுவில் மிஞ்சுவது நான்கு நிமிடம். அதற்குள் அடுத்த பாட்டைத் தேட வேண்டும், ஹெட்போனில் ஒரு காதில் கேட்டுப் பார்க்க வேண்டும், வேகத்தைச் சமன் செய்ய வேண்டும், தலையை நிமிர்த்தி ஆடுகளத்தைப் பார்க்க வேண்டும். உண்மையில் யோசிப்பதற்குக் கிடைப்பது ஒன்றிரண்டு நிமிடம்.

அந்த ஒன்றிரண்டு நிமிடத்தில் தனி டிஜே மூன்று காலங்களைச் சேர்த்து யோசிக்கிறார்: அரை மணிக்கு முன் என்ன போட்டோம், இப்போது கூட்டம் எப்படி இருக்கிறது, அரை மணி கழித்து எங்கே போய்ச் சேரப்போகிறோம். இந்த மூன்றும் ஒரே மண்டைக்குள் இருப்பதுதான் தனியாக இசைப்பதன் பெரும் பலம். நல்ல தனி செட்டில் நள்ளிரவில் ஒலித்த ஒரு மெட்டின் சாயல் விடியற்காலையில் வேறொரு பாட்டில் திரும்பி வரும். அதைத் திட்டமிட்டவர் ஒருவர் என்பது கேட்பவருக்குத் தெரியாமலே உறைக்கும்.

இதைவிட முக்கியமான இன்னொரு பலம் உண்டு. தனி டிஜேக்குக் கூட்டத்தைக் காத்திருக்க வைக்கும் உரிமை இருக்கிறது. லெவன் ஒரு பாட்டை நம்பிவிட்டால் அதை ஒரே இரவில் திரும்பத் திரும்பப் போடுவார். முதல்முறை முகம் சுளித்தவர்கள் கடைசியில் அதற்கு ஆடுவார்கள். ஒலியமைப்பாளர் ரிச்சர்ட் லாங் கட்டிக்கொடுத்த ஸ்பீக்கர்கள், மது விற்காத அறை, வாரந்தோறும் வரும் அதே உறுப்பினர்கள் எல்லாம் அவருக்கு அந்தத் துணிச்சலைக் கொடுத்தன. மன்குசோ இன்னும் ஒரு படி மேலே போனார். ஒரு கட்டத்துக்குப் பின் பாட்டோடு பாட்டைக் கலப்பதையே கைவிட்டு, ஒவ்வொரு தட்டையும் தொடக்கத்திலிருந்து இறுதிவரை ஒலிக்கவிட்டார். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் விழும் இடைவெளியைத் தாங்கும் பொறுமையைத் தன் விருந்தினர்களிடம் எதிர்பார்த்தார். பக்கத்தில் தன் முறைக்காக ஒருவர் காத்துக்கொண்டிருந்தால் இப்படிச் செய்வது கடினம். மௌனத்தையும், திரும்பச் சொல்வதையும், பத்து நிமிடம் கூட்டம் கலைந்தாலும் பரவாயில்லை என்ற பிடிவாதத்தையும் ஒருவர்தான் முழுப் பொறுப்போடு ஏற்க முடியும்.

வேகத்திலும் தனி ஆளுக்கு ஓர் அனுகூலம் உண்டு. டெட்ராய்ட்டின் ஜெஃப் மில்ஸ் மூன்று டர்ன்டேபிள்களைக் கொண்டு இசைக்கும்போது ஒரு தட்டு ஓரிரு நிமிடமே ஒலித்து விலகுகிறது. அடுத்தது ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது. கையும் காதும் ஒரே உடம்பில் இருப்பதால்தான் அது சாத்தியம். பேசி முடிவெடுக்க அங்கே நேரமில்லை.

தனிமையின் குறைகள்

இத்தனை பலமும் ஒரே இடத்தில் குவிந்திருப்பதே குறைகளுக்கும் ஊற்று. முதல் குறை உடல் சார்ந்தது. உரத்த சத்தத்தில் சில மணி நேரம் நின்றால் காது மங்குகிறது, மேல் சுருதிகள் முதலில் போகின்றன. டிஜேக்கு ஒலி குறைந்துவிட்டது போலத் தோன்றும். ஃபேடரையும் குமிழ்களையும் மேலே தள்ளுவார். ஆடுகளத்தில் இருப்பவர்களுக்கோ அது இரைச்சலாகிவிட்டிருக்கும். டிஜே நிற்கும் பூத்துக்குள் மானிட்டர் ஸ்பீக்கரில் கேட்பதும் வெளியே கேட்பதும் ஒன்றல்ல என்பதால் தனி டிஜேக்கு இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. இறங்கிப் போய்க் கேட்டுவிட்டு வர அவருக்கு நேரமில்லை.

இரண்டாவது குறை பழக்கம். ஒரு பாட்டிலிருந்து இன்னொரு பாட்டுக்குப் போகும் வழி ஒருமுறை நன்றாக அமைந்துவிட்டால், கை அதே வழியில் திரும்பத் திரும்பப் போகும். வாரக்கணக்கில் ஊர் ஊராகப் போகிறவருக்கு ஒவ்வோர் ஊரிலும் கூட்டம் புதிது. எனவே யாரும் கவனிக்க மாட்டார்கள். “இதையே போன வாரமும் போட்டாய்” என்று சொல்ல ஆள் இல்லாத கலைஞர் மெல்லத் தன்னையே நகலெடுக்கத் தொடங்குகிறார். அவர் திறமை குறையவில்லை. அதைச் சோதிக்க எதுவும் இல்லாமல் போய்விட்டது.

மூன்றாவது குறை மேடைக்கு வெளியே இருக்கிறது. விமான நிலையம், ஹோட்டல் அறை, இரண்டு மணி நேர ஆரவாரம், மீண்டும் ஹோட்டல் அறை. ஸ்வீடனின் டிஜே அவீச்சி 2016இல் இனி மேடை நிகழ்ச்சிகள் செய்யப்போவதில்லை என்று அறிவித்தார். 2018 ஏப்ரலில் மஸ்கட்டில் இறந்தபோது அவருக்கு வயது 28. அவருடைய முடிவுக்கு ஒரே காரணம் தேடுவது அநீதி. தனியாக இசைத்ததை அதற்குப் பொறுப்பாக்குவது அதைவிடப் பெரிய அநீதி. ஆனால் அந்த மரணத்துக்குப் பின் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பயணத்தின் சோர்வையும் தனிமையையும் பற்றி வெளிப்படையாகப் பேசத் தொடங்கினார்கள். துணை வேண்டுமா என்று யோசிப்பவர் இந்தப் பேச்சை ஒதுக்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: பயணத்துக்குத் துணை தேடுவதும் இசைக்குக் கூட்டாளி தேடுவதும் வேறு வேறு. முதலாவதை ஒரு நல்ல மேலாளரோ நண்பரோகூடத் தர முடியும்.

ஜோடிகள் எல்லாம் ஒரே வகை அல்ல

‘ஜோடி’ என்ற பெயரில் மூன்று வெவ்வேறு வேலைகள் நடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் நல்லது கெட்டது சொல்ல முடியாது.

முதலாவது, பல கைகள் சேர்ந்து ஒரே இசையைச் செய்வது. 1999இல் டிஜே ஷாடோவும் கட் கெமிஸ்ட்டும் ‘பிரெய்ன்ஃப்ரீஸ்’ என்ற தொகுப்பைச் செய்தபோது ஏழு அங்குலச் சிறு தட்டுகளை மட்டுமே பயன்படுத்தினார்கள். ஒருவர் ஒரு தட்டின் டிரம்ஸை நீட்டிக்கொண்டிருக்க, மற்றவர் அதன் மேல் வேறொரு தட்டின் குரலை வைக்கிறார். 1992இல் டிஎம்சி உலக டிஜே போட்டியை வென்ற கியூபர்ட், மிக்ஸ் மாஸ்டர் மைக், அப்போலோ ஆகிய மூவரும் டர்ன்டேபிள்களை ஒரு வாத்தியக் குழுவைப் போலப் பிரித்துக்கொண்டு இசைத்தவர்கள். நியூயார்க்கில் 1996இல் தொடங்கிய ‘பாடி அண்ட் சோல்’ ஞாயிறு விருந்துகளில் பிரான்சுவா கே, டேனி கிரிவிட், ஜோ கிளாஸல் மூவரும் ஒரே பூத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். இந்த வகையில் கூட்டாளி இல்லாமல் அந்த இசையே இல்லை. இங்கே ‘தனியா, ஜோடியா’ என்ற கேள்விக்கு இசையே பதில் சொல்லிவிடுகிறது.

இரண்டாவது, ஒருவர் பாட்டுக்கு மற்றவர் பதில் சொல்வது. இதற்கு நான் அறிந்த சிறந்த எடுத்துக்காட்டு சாஷாவும் ஜான் டிக்வீடும். சாஷா வேல்ஸ்காரர், சேர்வதற்கு முன்பே ஸ்டோக் நகரின் ஷெல்லீஸ் கிளப்பில் பெயர் வாங்கியவர். டிக்வீட் ஹேஸ்டிங்ஸ்காரர், தன் சொந்த ஊரில் ‘பெட்ராக்’ என்ற பெயரில் விருந்துகள் நடத்திப் பழகியவர். இருவரும் சேர்ந்து 1994இல் ‘ரினைசன்ஸ்’ கிளப்புக்காக மூன்று குறுந்தகடு கொண்ட தொகுப்பையும், 1996இல் ‘நார்தர்ன் எக்ஸ்போஷர்’ தொகுப்பையும் செய்தார்கள். பிறகு நியூயார்க்கின் ட்விலோ கிளப்பில் மாதம் ஒருமுறை, இரவு தொடங்கி விடிந்து வெகுநேரம் வரை இசைத்தார்கள். 2001இல் அந்தக் கிளப் மூடப்படும்வரை அது தொடர்ந்தது. சாஷா உணர்ச்சியை உச்சத்துக்குத் தூக்குபவர். டிக்வீட் பொறுமையாகப் படிப்படியாகக் கட்டுபவர். ஒருவர் தூக்கியதை மற்றவர் தாங்கிப்பிடித்தார். அந்தச் சமநிலை ஒரே நாளில் வந்ததல்ல. நீண்ட இரவுகள் மாதாமாதம் திரும்பி வந்ததால் வந்தது.

மூன்றாவது, ஒரு வீட்டைச் சேர்ந்து நடத்துவது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 1997 முதல் 2010 வரை ஞாயிற்றுக்கிழமைதோறும் நடந்த ‘ஆப்டிமோ’ அப்படிப்பட்டது. நடத்தியவர்கள் ஜேடி ட்விட்ச், ஜேஜி வில்க்ஸ். எடின்பரோவில் பெரிதும் டெக்னோ ஒலித்த ‘பியூர்’ கிளப்பில் ஆண்டுக்கணக்கில் இசைத்த ட்விட்ச், அந்த ஒற்றைத்தன்மையில் அலுத்துத்தான் இதைத் தொடங்கினார். பங்க், டிஸ்கோ, டெக்னோ, ரெக்கே எல்லாம் ஒரே இரவில் கலந்தன. வார இறுதியின் மிச்சமான ஞாயிறு இரவில் பெரிய எதிர்பார்ப்பு இல்லை என்பதே அவர்களுக்குச் சுதந்திரமானது. அதே நகரில் ‘சப்கல்ச்சர்’ சனிக்கிழமைகளை ஹாரியும் டொமினிக்கும் 1994இல் தொடங்கினார்கள். இப்படிப்பட்ட ஜோடிகளில் இன்று யார் எத்தனை பாட்டுப் போட்டார் என்ற கணக்கு முக்கியமல்ல. அந்த அறையின் ருசியைக் காப்பதுதான் இருவரின் வேலை.

மூன்று வகைக்கும் பொதுவானது ஒன்று உண்டு. சேர்ந்து கழித்த நீண்ட நேரம். பெல்ஜியத்தின் கென்ட் நகரைச் சேர்ந்த டேவிட், ஸ்டீஃபன் தெவால என்ற சகோதரர்கள் ‘டூமெனிடிஜேஸ்’ என்ற பெயரில் 2002இல் வெளியிட்ட கலவைத் தொகுப்பு பல டஜன் பாட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தியது. அவர்கள் தந்தை வானொலி அறிவிப்பாளர். சகோதரர்கள் ‘சோல்வாக்ஸ்’ என்ற ராக் குழுவையும் சேர்ந்து நடத்துபவர்கள். ஒருவர் அடுத்து என்ன எடுப்பார் என்று மற்றவருக்குத் தெரிவது ஒரே வீட்டில் வளர்ந்ததன் பலன். இரத்த உறவு இல்லாதவர்கள் அதை வாராந்திர, மாதாந்திர இரவுகளால் ஈடுசெய்ய வேண்டியிருக்கிறது.

முறை மாற்றும் கணக்கு

ஜோடியின் நன்மை தீமைகள் பெரும்பாலும் ஒரு சின்ன ஏற்பாட்டில் அடங்கியிருக்கின்றன: எத்தனை பாட்டுக்கு ஒருமுறை கை மாறுவது?

ஒன்றுக்கு ஒன்று என்று வைத்தால் ஆட்டம் துடிப்பாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் தான் தேர்ந்தெடுக்காத ஒரு பாட்டுக்குப் பதில் சொல்லும் கட்டாயம் வருகிறது. ஒன்றரை மணி நேர விழா மேடையில் பாட்டுக்கு ஐந்து நிமிடம் என்றால் மொத்தம் 18 பாட்டு. ஆளுக்கு ஒன்பது. அந்த ஒன்பதில் ஒவ்வொன்றும் மற்றவர் விட்டுச்சென்ற இடத்தில் தொடங்குகிறது. நீண்ட ஏற்றம் ஒன்றைக் கட்ட இது போதாது. அதனால் இருவரும் தங்களிடம் உள்ள பலமான பாட்டுகளையே முதலில் எடுக்கிறார்கள். ஒருவர் ஓர் உச்சத்தைக் காட்டினால் மற்றவர் அதைவிட உயரமான உச்சத்தைக் காட்ட வேண்டும் என்ற உந்துதல் வந்துவிடுகிறது. அரை மணிக்குள் எல்லாம் உச்சமாகி, எதுவும் உச்சமாக இல்லாமல் போகிறது.

மூன்றுக்கு மூன்று என்று வைத்தால் நிலைமை மாறுகிறது. கால் மணி நேரம் கையில் இருக்கிறது. முதல் பாட்டில் கூட்டாளி விட்ட இடத்தை ஏற்கலாம், இரண்டாவதில் தன் யோசனையைச் சொல்லலாம், மூன்றாவதில் அவர் எடுத்துக்கொள்ள வசதியான ஓர் இடத்தில் விடலாம். அந்த மூன்றாவது பாட்டில்தான் ஜோடியின் தரம் தெரியும். தனக்குக் கைதட்டல் வாங்கித் தரும் பாட்டை விட்டுவிட்டு, அடுத்தவருக்கு வாசல் திறக்கும் பாட்டை ஒருவர் தேர்ந்தெடுக்கிறார் என்றால் அவர் உண்மையான கூட்டாளி.

முறை இல்லாத அந்தக் கால் மணி நேரமும் வீணல்ல. பூத்தை விட்டு இறங்கி ஆடுகளத்தின் நடுவில் நின்று கேட்கலாம். பேஸ் அதிகமாக இருக்கிறதா, பின்வரிசையில் ஆட்கள் பேசத் தொடங்கிவிட்டார்களா, குறிப்பிட்ட மூலையில் யாரும் நிற்பதில்லை என்றால் ஏன் என்று பார்த்துவிட்டு வந்து ஒரு வார்த்தை சொல்லலாம். தனி டிஜேயின் முதல் குறைக்கு மருந்து இதுதான். வருத்தம் என்னவென்றால், பெரும்பாலான ஜோடிகளில் முறை இல்லாதவர் பூத்திலேயே நின்று கைகளை உயர்த்திக் கேமராவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஜோடி என்ற முறை தரும் மிகப் பெரிய பயனைத் தானே தூக்கி எறிகிறார்.

ஜோடியின் குறைகள்

போட்டியைச் சொன்னேன். அதற்கு நேரெதிரான குறையும் உண்டு: அளவுக்கு மீறிய மரியாதை. இருவரும் மற்றவர் மனம் கோணக்கூடாது என்று பொதுவான, பாதுகாப்பான பாட்டுகளுக்குள்ளேயே சுற்றுவார்கள். இருவருடைய சேகரிப்பிலும் இருக்கும் பாட்டுகள் மட்டும் ஒலிக்கும். ஒருவரிடம் மட்டுமே இருக்கும் அரிய தட்டு பையிலேயே தூங்கும். இரண்டு பேர் வந்து ஒருவருடைய பாதியை மட்டும் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

புதியவர்களுக்கு இன்னொரு ஆபத்து இருக்கிறது. தொடக்கத்திலேயே ஜோடி சேர்ந்தால் வேலை தானாகவே பிரிந்துவிடுகிறது. ஒருவர் கலப்பதில் கெட்டிக்காரர் ஆகிறார், மற்றவர் பாட்டுத் தேர்வில். நாளடைவில் முதலாமவருக்குத் தேர்வு தெரியாது, இரண்டாமவருக்குக் கை ஓடாது. ஒருநாள் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் நிகழ்ச்சியே இல்லை. சாஷாவும் டிக்வீடும் சேர்வதற்கு முன் தனியாக நின்று பழகியவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். முழுமையான இருவர் சேர்ந்தால்தான் கூட்டல். இரண்டு பாதிகள் சேர்ந்தால் ஒருவர்தான் கிடைக்கிறார்.

பணமும் பெயரும் கடைசியாக வருகின்றன, ஆனால் பல ஜோடிகளை முறிப்பவை அவைதான். அழைப்பவர் தருவது ஒரு நிகழ்ச்சிக்கான தொகை. பயணச்சீட்டு இரண்டு, அறை இரண்டு. தொகை இரண்டாகப் பிரிகிறது. ஜோடிக்கு ஒரு பெயர் வைத்து அது புகழ் பெற்றுவிட்டால், பிரியும்போது அந்தப் பெயர் யாருக்கு, சமூக ஊடகக் கணக்கு யாருக்கு, பதிவுகளின் உரிமை யாருக்கு என்ற வழக்கு தொடங்குகிறது. நட்பு நன்றாக இருக்கும்போதே இவற்றை எழுதி வைத்துக்கொள்வது நட்புக்குச் செய்யும் அவமதிப்பு என்று பலர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம்தான் பின்னால் நட்பையும் சேர்த்து இழக்க வைக்கிறது.

‘முன்பின் சேராத இருவர் திடீரென்று சேர்ந்தால் பிறக்கும் ஆச்சரியம் உண்டே’ என்று கேட்கலாம். உண்டு, மறுக்கவில்லை. ஆனால் திடீரென்று நிகழ்ந்ததாகத் தோன்றும் பலவற்றின் பின்னால் முன்வேலை இருக்கிறது. ஸ்க்ரிலெக்ஸ், ஃபிரெட் அகெய்ன், ஃபோர் டெட் மூவரும் 2023 பிப்ரவரி 18 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் இசைத்ததும், ஏப்ரலில் கோச்செல்லா விழாவில் பாடகர் ஃபிராங்க் ஓஷன் விலகிய இடத்தை நிரப்பியதும் கடைசி நேரத்தில் அறிவிக்கப்பட்டவை. ஆனால் அந்த ஜனவரியிலேயே லண்டனின் சிறிய இடங்களில் அவர்கள் சேர்ந்து இசைத்திருந்தார்கள். ஸ்டுடியோவிலும் சேர்ந்து பாட்டுகள் செய்திருந்தார்கள். அறிவிப்புத்தான் திடீர். பழக்கம் திடீர் அல்ல.

இயந்திரம் தந்ததும் தராததும்

கருவிகளின் போக்கு ஜோடிக்குச் சாதகமாகவே இருக்கிறது. பழைய மிக்ஸர்களில் அடுத்த பாட்டை முன்கூட்டிக் கேட்பதற்கான வசதி ஒருவருக்கு மட்டுமே. முதலாமவர் வேலையை முடித்து ஹெட்போன் வயரைப் பிடுங்கினால்தான் இரண்டாமவர் தன்னுடையதைச் செருக முடியும். அதற்குள் பாட்டு பாதி ஓடியிருக்கும். அவசரத்தில் தேர்வு கெடும். டெக்னோ டிஜே ரிச்சி ஹாட்டின் பங்கெடுத்து 2016இல் வந்த ‘மாடல் 1’, பயனியர் 2020இல் வெளியிட்ட ‘டிஜேஎம்-வி10’ போன்ற மிக்ஸர்கள் இருவரும் ஒரே நேரத்தில் வேறு வேறு பாட்டைக் கேட்டுப் பார்க்கும் வசதியைத் தந்தன. நான்கு பிளேயர்களை இணைத்து ஒரே பென்டிரைவிலிருந்து இசைப்பது 2009இன் சிடிஜே-2000 காலத்திலிருந்தே இயல்பானது. தாளத்தைச் சமன் செய்யும் சின்க் பொத்தானும் வந்துவிட்டது.

இதனால் தனி டிஜேயின் சுமையும் குறைந்தது என்பதை மறக்கக்கூடாது. தாளம் சேர்க்கும் வேலையைப் பொத்தான் பார்த்துக்கொள்ளும் என்றால், முன்பு ஒன்றிரண்டு நிமிடமாக இருந்த யோசனை நேரம் மூன்று நிமிடமாகிறது. ‘ஒருவரால் முடியாது, அதனால் இருவர்’ என்ற நடைமுறைக் காரணம் பெரும்பாலும் மறைந்துவிட்டது. இன்று ஜோடி என்பது ரசனையின் பெயரால் மட்டுமே நியாயப்படுத்தக்கூடிய தேர்வு. கருவி இருவருக்கும் தனித்தனிக் காது கொடுத்தது. ஒருவர் போடுவதை மற்றவர் காதுகொடுத்துக் கேட்கும் பழக்கத்தை அது கொடுக்கவில்லை.

கிளப்பைத் தாண்டி, கல்யாண வேலைக்கு வந்தால் கணக்கு வேறு. நம் ஊர் ரிசப்ஷனில் டிஜேயின் முன்னால் எப்போதும் மூன்று பேர் நிற்பார்கள்: ஒரு பாட்டுக் கேட்கும் மாமா, சத்தத்தைக் குறைக்கச் சொல்லும் பெரியவர், மணமக்கள் நுழையும் நேரத்தைச் சொல்லும் ஏற்பாட்டாளர். இவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டே நான்கு நிமிட வேலையைச் செய்ய முடியாது. இங்கே ஒருவர் கருவியில், இன்னொருவர் மைக்கோடு மக்களிடம் என்ற பிரிவினை கிங்ஸ்டனிலும் பிராங்ஸிலும் இருந்த அதே நியாயத்தைக் கொண்டது. இந்த வேலைக்கு ஜோடியைத்தான் தயக்கமில்லாமல் பரிந்துரைப்பேன்.

எப்படி முடிவெடுப்பது?

முதலில் தனியாகக் கற்க வேண்டும். யாருடைய உதவியும் இல்லாமல் மூன்று, நான்கு மணி நேரம் ஓர் அறையைத் தாங்கும் திறன் வந்த பிறகே கூட்டாளியைப் பற்றிய பேச்சுக்கு அர்த்தம். அதற்கு முன் சேர்வது பயத்தைத் தள்ளிப்போடுவது மட்டுமே.

பிறகு, சேர நினைப்பவரின் சேகரிப்பைப் பார்க்க வேண்டும். நம்மிடம் இருப்பதே அவரிடமும் இருந்தால் அவர் நல்ல நண்பர், கூட்டாளியாகத் தேவையில்லை. நமக்குத் தெரியாத பாதி அவரிடம் இருக்க வேண்டும், தெரிந்த பாதியில் இருவருக்கும் ஒரே மதிப்பீடு இருக்க வேண்டும். அடுத்து, ஒரு சிறிய இடத்தில், மாதம் ஒருமுறையாவது, நீண்ட நேரம் சேர்ந்து இசைக்க வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பதிவு செய்து, இருவரும் உட்கார்ந்து கேட்டு, எங்கே ஒருவரை ஒருவர் இடித்தோம், எங்கே வழிவிட்டோம் என்று பேச வேண்டும். இந்தப் பேச்சைத் தாங்காத நட்பு மேடையையும் தாங்காது.

இத்தனையும் அமைந்தால் ஜோடி தனி ஆளால் எட்ட முடியாத இடத்துக்குப் போகும். ட்விலோவும் ஆப்டிமோவும் அதற்குச் சாட்சி. அமையாவிட்டால் தனியாக நிற்பதில் எந்தக் குறையும் இல்லை. விழா நடத்துபவர்களிடமும் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. இரண்டு பெரிய பெயர்களைக் கோத்து ஒன்றரை மணி நேரம் ஒதுக்குவதற்குப் பதிலாக, ஆளுக்கு முக்கால் மணி நேரம் தனியாகக் கொடுங்கள். ஜோடிதான் வேண்டும் என்றால் ஐந்து மணி நேரம் கொடுங்கள், சேர்ந்து பழகியவர்களை அழையுங்கள். அந்த நேரத்தை யாரும் தராத மேடையில், அழைப்பு எவ்வளவு பெரியதாக இருந்தாலும், ஜோடியாக நிற்க மறுக்கும் துணிச்சல் ஒரு டிஜேக்கு வேண்டும்.